வாங்க என்று யாரும் சொல்லவில்லை

ஆகஸ்ட் 28, புதன்

யாமினி இன்று இந்த நோட்டைக் கையில் கொடுத்தாள். "அத்தை, தினமும் விளையாடி முடிச்சதும் என்ன தோணுச்சோ அதை அப்படியே எழுதுங்க. நல்லாருந்துச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க, அதை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். மருமகள் வேலை கொடுத்து மாமியார் செய்கிற வீடு அரக்கோணத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அவள் கம்ப்யூட்டரில் விளையாட்டு செய்கிறவள். கம்பெனி எதுவும் கிடையாது, தனி ஆள். துப்பாக்கி, கார் பந்தயம் எல்லாம் இவளைப் போன்றவர்கள் தொடுவதே இல்லையாம். விதிமுறையே விநோதமாக இருக்கிற சின்னச் சின்ன விளையாட்டுகள். என் மகன் கோகுல் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. விசா வரும்வரை இவள் என்னோடு இருக்கிறாள். இப்போது செய்துகொண்டிருக்கும் விளையாட்டைச் சோதித்துப் பார்க்க ஓர் ஆள், அவள் பாஷையில் டெஸ்டர், வேண்டுமாம். "எனக்குத் தெரிஞ்சவங்கள்ல இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆள் நீங்கதான் அத்தை." பாராட்டா, வேறு ஏதாவதா என்று புரியவில்லை.

சோதனைக்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மதியம் மூன்று மணியிலிருந்து அரை மணி நேரம் நான் விளையாட வேண்டும். மனதில் வருவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும். அவள் எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து குறிப்பெடுப்பாள். டைமர் அடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. நான் கேள்வி கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் சோதனை கெட்டுவிடுமாம்.

மாமியார் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், மருமகள் மூச்சு விடக் கூடாது. எதிர் வீட்டு ஜெபமணி டீச்சரிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு திலகம்" என்றாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

கை பழகுவதற்காக முதலில் மற்றவர்கள் செய்ததைக் கொடுக்கிறாள். இன்றைய விளையாட்டில் ஒரு பொம்மை மனிதன் பாலத்தின் மேல் நிற்கிறான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையவில்லை. மவுஸைத் தட்டிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். பின்னால் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்ட மயக்கம் வேறு. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண் விழித்தபோது பொம்மை அக்கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தது, கீழே யார் யார் பெயரோ ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் இருக்கும் கேமரா நம் கண்ணைப் பார்க்குமாம். நாம் கண்ணை மூடினால்தான் அவன் நடப்பான். "இதை இவ்வளவு சீக்கிரம் யாருமே முடிச்சதில்ல அத்தை" என்றாள் யாமினி. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. தூங்கி ஜெயிக்கிற விளையாட்டை எதற்காக ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

இன்று வரிசை விளையாட்டு. வரிசையில் மூன்றாவதாக நிற்கிறோம். முண்டினால் கவுண்டர் தள்ளிப் போகிறது. பின்னால் இருக்கிறவருக்கு வழி விட்டால் கிட்டே வருகிறது. ரயில்வே முன்பதிவு கவுண்டரில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த எனக்கே இது தலைகீழாகப் பட்டது. "இவனைத் தட்கல் நேரத்துல எங்க கவுண்டருக்கு அனுப்பு, அப்பத் தெரியும்" என்று சத்தமாகச் சொன்னேன். ஸ்டூல் ஆடியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

உண்மையைச் சொன்னால் மூன்று மணி எப்போது வரும் என்று இருக்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

யாமினி கடைக்குப் போயிருந்தபோது கோகுல் பேசினான். அவள் பக்கத்தில் இல்லை என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் விஷயத்தைப் பேசினான்.

"அம்மா, எனக்கும் அவளுக்கும் ஒத்து வராதும்மா. அவ மேல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் முடியல. பிரிஞ்சிடலாம்னு இருக்கேன்."

விசா என்ன ஆயிற்று என்று கேட்டேன். பிறகு அதைப் போய்க் கேட்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"நான் அப்ளையே பண்ணலம்மா."

படிவமே கொடுக்காத டிக்கெட்டுக்குப் பதினோரு மாதமாக வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் சொல்லியிருக்கிறான்.

"நீ எதுவும் சொல்லிடாத. பொங்கலுக்கு வரும்போது நேர்ல உக்காந்து பேசிக்கிறேன். ப்ளீஸ்மா." அழுகிற குரல். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

யாமினி வெண்டைக்காய் வாங்கி வந்தாள். முற்றல். கடைக்காரரைத் திட்டினேன்.

செப்டம்பர் 2, திங்கள்

நேற்று எழுதியதை எந்த நோட்டில் எழுதியிருக்கிறேன் என்று இன்று காலையில்தான் உறைத்தது. இது யாமினியிடம் கொடுக்க வேண்டிய நோட்டு. கடைக்குப் போய் இதே அட்டையில் இன்னொன்று வாங்கினேன். முதல் மூன்று நாளை அதில் பார்த்து எழுதியாயிற்று. இதை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைக்க வேண்டும்.

இன்று விளையாடவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

யாமினியின் சொந்த விளையாட்டு இன்று ஆரம்பம். பெயர் 'விருந்தாளி'. ஒரு வீட்டு வாசலில் நிற்கிறோம். கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது.

நின்றேன். "யாருங்க வீட்டுல?" என்று கேட்டேன். பதில் இல்லை. மவுஸால் கதவைத் தட்டினேன், தட்டுகிற சத்தம் கேட்டது. மறுபடி நின்றேன். "வெளியே போயிருப்பாங்க போல. வரட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றுகிற பொத்தான் எது என்று தேடினேன். அது இல்லை. டைமர் அடித்தது.

யாமினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஏன் அத்தை உள்ளயே போகல?"

"வாங்கன்னு யாருமே சொல்லலையேம்மா."

இதுவரை ஏழு பேர் சோதித்தார்களாம். எல்லோரும் மூன்று வினாடியில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்களாம். யார் வீடு, என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லையாம். அரை மணி நேரம் வாசலில் நின்றது நான் ஒருத்திதான். தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டேன். "இல்ல அத்தை. இது எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினாள். அவளுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நான் என்ன செய்தேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

இன்று கதவருகே போனதும் உள்ளிருந்து "வாங்க" என்று ஒரு குரல். யாமினியின் குரல்தான், ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்த்திருக்கிறாள். உள்ளே போனேன். ஆள் யாரும் இல்லை. கட்டிலில் போர்வை கலைந்து கிடக்கிறது, குழாய் சொட்டுகிறது, மேஜை மேல் காபி குடித்த டம்ளர். கை சும்மா இருக்குமா? போர்வையை மடித்தேன். கட்டிலோடு மறைந்துவிட்டது. குழாயை மூடினேன். சமையலறைச் சுவரே போய்விட்டது. டம்ளரை எடுத்து வைத்தேன், மேஜையைக் காணவில்லை. பத்து நிமிடத்தில் வீடு மொத்தமும் போய் வெள்ளை வெளேர் என்று ஒரு வெற்றிடத்தில் நின்றேன்.

"ஒழுங்கா எடுத்து வெச்சா காணாமப் போகுமா? இது என்னம்மா நியாயம்?" என்று கேட்டேன். ஸ்டூலில் இருந்து பதில் வராது என்பது மறந்துவிட்டது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. ஜெபமணி டீச்சருக்குக் கொழுக்கட்டை கொண்டுபோய்க் கொடுத்தோம். "விசா எந்த அளவுல இருக்குது பாப்பா?" என்று கேட்டாள். "வந்துடும் ஆன்ட்டி, அங்க லேட்டாகுதாம்" என்றாள் யாமினி. நான் கொழுக்கட்டையில் வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்றேன். தூக்கல் இல்லை, சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

'விருந்தாளி' நான்காம் தடவை. எதையும் தொடக் கூடாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சொட்டுகிற குழாய் என்னைத் தோற்கடித்துவிட்டது.

டைமர் அடித்த பிறகு கேட்டேன், "நல்லதுதானே பண்றேன்? அதுக்கு ஏன் தண்டனை?"

"தண்டனை இல்ல அத்தை. அது வேற ஒருத்தங்க வீடு. அவங்க எப்படி விட்டுட்டுப் போனாங்களோ அதுதான் அந்த வீடு. நாம நமக்குச் சௌகரியமா மாத்தினா அது இல்லாமப் போயிடுது."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. சாயங்காலம் மாவு அரைத்தோம். ஓர் ஆளுக்கு மட்டும் போட்டால் எங்கள் கிரைண்டரில் கல் சுற்றாது, அரிசி ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறதோ.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோகுல் பேசினான். முதலில் அவளிடம் பத்து நிமிடம். குளிர், பஸ், சூப்பர் மார்க்கெட். அவள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். பிறகு போன் என் கைக்கு வந்தது. பால்கனிக்குப் போய், "எப்படிடா இப்படிப் பேச வருது உனக்கு?" என்று கேட்டேன். "நீயும்தானேம்மா அவகூட நல்லாப் பேசிட்டிருக்க" என்றான்.

செப்டம்பர் 16, திங்கள்

யாமினிக்குக் கடிதம் வந்திருக்கிறது. கோழிக்கோட்டில் ஓர் இடம். இவளைப் போல விளையாட்டு செய்கிறவர்கள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் தங்க வைத்து, செய்வதைச் செய்து முடிக்க விடுவார்களாம். ஜூன் மாதம் விண்ணப்பித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. நானூறு பேர் போட்டியில் 'விருந்தாளி'க்குக் கிடைத்திருக்கிறது. கடிதத்தை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். மூன்றாம் தடவை தனக்குத் தானே படித்தாள்.

அக்டோபர் 4க்குள் வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும்.

"நல்ல சேதிம்மா. போயிட்டு வா" என்றேன்.

"எப்படி அத்தை? நடுவுல விசா வந்துட்டா? பாதியில விட்டுட்டுப் போனா இன்னொருத்தங்க இடத்தை வீணாக்கின மாதிரி ஆயிடும். வேணாம்னு எழுதிடலாம்னு இருக்கேன். ஜெர்மனி போய்ப் பார்த்துக்கலாம்."

நான் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். தடவிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பொங்கல் ஜனவரியில். கடைசித் தேதி அக்டோபரில். எத்தனை தடவை பார்த்தாலும் காலண்டர் மாறவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் பேசியதை இன்னொருவரிடம் சொல்லலாமா? அவன்தானே சொல்ல வேண்டும்? கட்டிக்கொண்டவன் அவன். நான் சொன்னால் பெரிய மனுஷித்தனமாகப் போய்க் குடும்பத்தைப் பிரித்தவள் என்று ஆகாதா? ஒருவேளை பொங்கலுக்குள் அவன் மனசு மாறினால்? இப்படி ஒன்பது கேள்வி எழுதி வைத்தேன். ஒன்றைப் போல ஒன்று இல்லை, ஆனால் எல்லாம் சும்மா இரு என்றுதான் சொல்கின்றன.

செப்டம்பர் 25, புதன்

'விருந்தாளி'க்கு ஒருநாள் ஓய்வு. வெளிநாட்டுக்காரர் ஒருவர் செய்த வேறொன்றைக் கொடுத்தாள். திரையில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் விளையாட்டு முடிந்துவிடும் என்று மட்டும் எழுதியிருந்தது.

இப்போது எனக்குக் கொஞ்சம் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்ற நினைப்பு. இவர்கள் செய்யச் சொல்வதைச் செய்யாமல் இருப்பதில்தான் வெற்றி. "என்கிட்டயா? நான் அழுத்த மாட்டேன்பா" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோயில் திருவிழா, கீரை விலை, ஜெபமணி டீச்சர் மகன் கல்யாணம் என்று அரை மணி நேரம் பேசினேன். டைமர் அடித்ததும் ஜெயித்துவிட்டேனா என்று பெருமையாகத் திரும்பினேன்.

"அத்தை, இது உலகம் முழுக்க வரிசையா ஆடுற கேம். நீங்க அமுக்கினாத்தான் அடுத்தவங்களுக்குத் திறக்கும். அதுவரைக்கும் அவங்க திரையில 'காத்திருக்கவும்'னு மட்டும்தான் வரும். எதுக்குக் காத்திருக்கோம்னு அவங்களுக்குத் தெரியாது."

உடனே திரும்பி அழுத்தினேன். யார் அந்த ஆள், எந்த ஊர், அரை மணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டேன். தெரியாது என்றாள். கவுண்டரில் நான் யாரையும் அப்படி நிறுத்தி வைத்ததில்லை. சர்வர் போனால்கூட எழுந்து நின்று, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று சத்தமாகச் சொல்வேன்.



செப்டம்பர் 29, ஞாயிறு

கோகுலிடம் சொன்னேன். "புதன்கிழமைக்குள்ள நீயே அவகிட்டச் சொல்லு. அவளுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. உன் விசாவுக்காக விடப் பாக்கிறா."

"இப்ப எனக்கு இங்க வேலையில ரொம்ப டென்ஷன்மா. அவ போறதுன்னா போகட்டும், நான் வேணாம்னா சொன்னேன்?"

"வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அதுதாண்டா பிரச்சனை."

போனை வைத்துவிட்டான். பெற்ற பிள்ளை மேல் இவ்வளவு கோபம் எனக்கு இதுவரை வந்ததில்லை. கோபம் ஆறியதும் அவன் மெலிந்துவிட்டானோ என்றும் ஒரு நினைப்பு. எது நான் என்று புரியவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

வேண்டாம் என்று சொல்கிற மின்னஞ்சலை எழுதி முடித்துவிட்டாள். "புதன்கிழமை டெஸ்ட் முடிஞ்சதும் அனுப்பிடறேன் அத்தை. அதுவரைக்கும் கிடைச்ச மாதிரியே இருந்துக்கறேன்" என்று சிரித்தாள்.

அக்டோபர் 2, புதன்

கோகுல் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். யாமினி டைமரை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். 'விருந்தாளி' திறந்தது. "வாங்க" என்றது குரல். உள்ளே போனேன்.

"இந்தப் போர்வையை நான் தொடல" என்றேன். "குழாய் சொட்டட்டும். டம்ளர் அங்கேயே இருக்கட்டும்." பேனா ஓடும் சத்தம். "அடுத்த ரூமுக்குப் போறேன். இதுவரைக்கும் வந்ததில்ல. ஜன்னல் இருக்கு. வெளியில மழை." பேனா. திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"யாமினி, விசா வராது. அவன் அப்ளையே பண்ணல. பிரிஞ்சிடணும்னு சொல்றான். உன் மேல தப்பு இல்லைன்னு அவனே சொன்னான். நீ அந்த மெயிலை அனுப்பாத."

பேனா நின்றது.

திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. டைமரில் இன்னும் பத்தொன்பது நிமிடம். எழுந்திருக்கவா, இருக்கவா? அவள் எழுந்து போவாள் என்று நினைத்தேன், போகவில்லை. பேசுவாள் என்று நினைத்தேன், பேசவும் இல்லை. இரண்டு பேரும் மணி அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

அடித்தது.

"எப்பத் தெரியும்?"

"செப்டம்பர் ஒண்ணு."

விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தொரு நாள். மனசுல வர்றதையெல்லாம் சத்தமாச் சொல்லுங்கன்னுதானே அத்தை தினமும் உங்களை உக்கார வெச்சேன்."

நான் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

"யாருக்காக மறைச்சீங்க? அவருக்காகவா, உங்களுக்காகவா?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவளும் தெரிந்துதான் கேட்டாள். இந்த நோட்டை எடுத்து வந்து அவள் மேஜை மேல் வைத்தேன். அவள் அதைத் தொடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேயே கிடந்த நோட்டில்தான் இதை எழுதுகிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

காலையில் கோகுலிடம் பேசினாள். கதவு மூடியிருந்தது. நாற்பது நிமிடம். ஃபேன் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. தோசை வார்த்து வைத்தேன், சாப்பிடவில்லை. மன்னிப்பு கேட்கலாம் என்று இரண்டு தடவை அறை வாசல் வரை போய் நின்றேன். உள்ளே இருந்து ஒன்றும் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

மூன்று மணிக்கு நாற்காலி காலியாக இருந்தது. ஸ்டூலும்.

எழுதியே ஆக வேண்டும். அவள் போய்விடுவாள் என்று பயந்தேன். அவ்வளவுதான் விஷயம். மற்ற ஒன்பது கேள்வியும் சும்மா.

அக்டோபர் 4, வெள்ளி

பதினோரு மணி இருக்கும். யாமினி குளித்துவிட்டு வந்து, லேப்டாப்பை என் முன்னால் டைனிங் டேபிளில் வைத்தாள். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"கோழிக்கோட்டுக்கு அனுப்ப வேண்டிய ஃபார்ம். பன்னெண்டு மணிக்குள்ள போகணும். தப்பு இருக்கான்னு பாருங்க. உங்க மேல எனக்குக் கோபம் போகல. ஆனா ஃபார்ம் பார்க்க உங்களை விட்டா ஆள் இல்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். வந்து சேரும் நாள் அக்டோபர் 14. திருமணமானவரா என்ற கட்டத்தைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். கடைசிப் பக்கத்தில், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பகுதி. பெயர்: எஸ். திலகவதி. கைபேசி எண் என்னுடையது. கீழே, விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்ற கட்டம். அதில் 'டெஸ்டர்' என்று இருந்தது.

"அது ஒரு உறவா? இப்படி எழுதிக் குடுத்தா கவுண்டர்ல திருப்பிக் குடுத்துடுவாங்க" என்றேன்.

"வேற எதை எழுதறது? இன்னும் கொஞ்ச நாள்ல மத்ததெல்லாம் செல்லாது. இதை யாரும் ரத்து பண்ண முடியாதுல்ல?"

இருபத்தெட்டு வருடத்தில் எந்தக் கட்டத்திலும் இப்படி எழுதிய ஒரு படிவத்தைக்கூட நான் வாங்கியதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, அனுப்பு என்றேன்.